காட்டு அத்தியில் ஒரு ஜன்னல்

தொரிபியா சூமில் எந்த மரத்தில் இருக்கிறாள் என்று தெரிந்துகொள்ள அண்ணாந்து பார்க்க வேண்டியதில்லை. தோட்டத்துக்குள் நடந்துகொண்டே போனால் ஏதாவது ஒரு காப்பிச் செடியின்மேல் அவளுடைய பாவாடை கிடக்கும். தறியில் நெய்த, கருநீலக் கோடு போட்ட கனமான பாவாடை. அதைச் சுற்றிக்கொண்டு மரம் ஏற முடியாது. அதனால் உள்ளே புருஷனுடைய பழைய கால்சட்டையைப் போட்டுக்கொண்டு வருவாள். மரத்தடியில் பாவாடையை அவிழ்த்து மடித்துச் செடியில் போடுவாள், கத்தியை முதுகில் செருகுவாள், ஏறிவிடுவாள். பாவாடை கிடக்கும் இடத்துக்கு இருபதடி தள்ளித்தான் நாங்கள் நடப்போம். மேலேயிருந்து கிளை விழும். கிளைக்கு முன்னால் வசவு விழும்.

அவள் வேலை நிழல் வெட்டுவது. அதித்லான் எரிமலையின் இந்தத் தெற்குச் சரிவில் காப்பி பெரிய மரங்களின் காலடியில்தான் வளர்கிறது. நிழல் கூடினால் பூ நிற்காது, குறைந்தால் இலை கருகும். மே மாதம் சிலுவைத் திருநாளோடு மழை பிடித்துக்கொள்ளும். அதற்குள் மரத்துக்கு மரம் ஏறி, எந்தக் கிளை போக வேண்டும், எது நிற்க வேண்டும் என்று முடிவு செய்தாக வேண்டும். கிளைகளுக்கு நடுவே வெயிலுக்காகத் திறந்து விடும் இடைவெளியை ஜன்னல் என்போம். "காலையில ஒன்பது மணிக்கு இந்தச் செடி தலையில வெயில் விழணும்" என்று கீழே நின்று விரலைக் காட்டிவிட்டு மேலே போவாள் தொரிபியா. மறுநாள் ஒன்பது மணிக்கு அந்தச் செடி தலையில்தான் விழும். இருபத்துநாலு வருஷத்தில் தான் திறந்த ஒரு ஜன்னல்கூடத் தப்பியதில்லை என்று அவளே சொல்லிக்கொள்வாள். மறுத்துப் பேச எங்களுக்கும் வழியில்லை.

இந்த வேலைக்கு அவள் வந்ததே புருஷனால்தான். கல்யாணமான முதல் வருஷம் நிழல் வெட்டப் போனவன் வென்செஸ்லாவோ. ஊருக்கு லாவோ. பாதி மரம் ஏறியவன் கீழே பார்த்துவிட்டான். அவ்வளவுதான். கிளையைக் கட்டிக்கொண்டவன் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. மத்தியானம் சோளமாவை அவித்த தமாலித்தோவும் மிளகாய்த் துவையலும் கொண்டுவந்த தொரிபியா அண்ணாந்து பார்த்தாள்.

"என்னய்யா, அங்கயே குடித்தனமா?"

"கண்ணத் தொறந்தா மரம் சுத்துது, தொரி."

"அப்ப மூடிக்க. நான் வரேன்."

பாவாடையை அவிழ்த்துப் போட்டுவிட்டு ஏறி, அவன் பாதத்தை ஒவ்வொரு கிளையாகப் பிடித்து வைத்து இறக்கினாள். இறக்கிய பிறகு பார்த்தால் கத்தி மேலேயே மாட்டிக் கிடந்தது. அதை எடுக்க மறுபடி ஏறினாள். ஏறியது வீணாக வேண்டாமென்று மிச்சக் கிளைகளையும் வெட்டிவிட்டு வந்தாள். அன்றிலிருந்து கத்தி அவளுக்கு, காப்பிப்பழம் அரைக்கும் இயந்திரம் லாவோவுக்கு என்று ஆனது. வீட்டுக்குள் அதற்காக ஒரு சண்டையும் இல்லை. ஊர்தான் ரொம்ப நாள் சிரித்தது.

எங்கள் சான் கிளெமெந்தே கூட்டுறவில் ஐம்பத்தெட்டுக் குடும்பம். தோட்டத்தின் மேல் எல்லையில், காப்பி முடிந்து மேகக்காடு தொடங்கும் இடத்தில், ஒரு காட்டு அத்தி நிற்கிறது. ஏழு பேர் கைகோத்தால்தான் அடிமரத்தைச் சுற்றலாம். தொரிபியா அதுவரை கத்தி வைக்காத மரம் அது ஒன்றுதான். எந்த வேலை எங்கே நடந்தாலும் மத்தியானச் சாப்பாட்டுக்கு அந்த மரத்தின் மூன்றாவது கவட்டைக்குப் போய்விடுவாள். பீன்ஸும் ரொட்டியும் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தால், மிளகு நீலிகள் கை எட்டும் தூரத்தில் வந்து அத்திப்பழம் தின்னும். வெளிறிய நீல உடம்பு, நெஞ்சுக்குக் குறுக்கே மிளகைத் தட்டித் தூவியதுபோலக் கறுப்புப் புள்ளி, கண்ணோரம் கறுப்பு. திரும்பி உட்கார்ந்தால் முதுகின் கீழ்ப்பாதி முழுக்க நல்ல நீலம். அந்தப் பெயரை வைத்ததும் அவள்தான். கீழே எல்லோருக்கும் அவள் வாயாடி. அங்கே மட்டும் அவள் வாயைத் திறப்பதில்லை. அந்தக் குருவிகளை அவளுக்கு அவ்வளவு பிடிக்கும். சொந்த அக்கா தங்கைகளைக்கூட அவ்வளவு பிடிக்காது.

இலைத்துரு நோய் வந்து தோட்டமே மொட்டையான பிறகு, புது ரகம் நட வேண்டும், அதற்கு வெயில் கூடுதலாக வேண்டும் என்ற பேச்சு எழுந்தது. அந்த ஏப்ரலில் கூட்டம் போட்டோம். தலைவர் எவரிஸ்தோ இஷ்பலான் நல்ல மனுஷன்தான், ஆனால் ஒன்றைப் பிடித்தால் விடமாட்டார்.

"அந்த அத்தி ஒண்ணே நாப்பது செடியோட வெயில முழுங்குது. வெட்டறதுக்குத் தோதான முத்தின நெலா இன்னும் பத்து நாளைக்கு இருக்கு. அதுக்குள்ள எறக்கிருவோம். காப்பி குடிக்கிறவன் அத்திப்பழமா கேக்கறான்?"

"குருவி கேக்குது" என்றாள் தொரிபியா, பின் வரிசையிலிருந்து.

"எந்தக் குருவி, அக்கா?"

"மிளகு நீலி. நம்ம சரிவு, அந்தாண்ட எல்லை தாண்டி சியாபாஸ் மலை. இத விட்டா உலகத்துல வேற எங்கயும் கெடையாது."

"உலகத்த நீ எப்பக்கா சுத்திப் பாத்த?"

கூடம் சிரித்தது. எவரிஸ்தோவுக்கு அது போதவில்லை.

"நீலக் குருவி எங்க வீட்டுப் பப்பாளியில தெனம் வந்து தின்னுட்டுப் போகுது. வெரட்டி வெரட்டி என் பொண்டாட்டிக்குக் கை ஓஞ்சு போச்சு. அதுவும் உலகத்துல இல்லாத குருவிதானா?"

"அது சாம்பல் நீலம். சந்தைக்குச் சந்தை கெடைக்கும். இது வேற. நீங்க எல்லாம் கீழேந்து பாக்குற ஆளுங்க, உங்களுக்கு வயிறுதான் தெரியும். நான் முதுகப் பாத்தவ."

"சரிக்கா. சனிக்கிழம குருவி எண்ண லிசென்சியாதா வருது. அது படிச்ச பொண்ணு. கண்ணால பாத்துக் கையால எழுதட்டும், மரம் நிக்கட்டும். பாக்கலன்னா?"

"பாக்கலன்னா நானே உச்சியிலேந்து வெட்டி எறக்கறேன். வேற எவனும் அதுல கால் வைக்க வேணாம்."

கை தூக்கினோம். முடிவானது. தொரிபியா பாவாடையை உதறிக்கொண்டு எழுந்து போன தோரணையைப் பார்த்தால் மரம் அப்போதே தப்பிவிட்டது என்றுதான் தோன்றும்.

செவ்வாய்க்கிழமை அவளுக்கு அதிர்ஷ்டம் இன்னும் ஒரு படி கூடியது. கவட்டையில் உட்கார்ந்திருந்தபோது ஒரு நீலி வாயில் புழுவோடு வந்து, பக்கத்துக் கிளையில் பாசி மூடிய ஒரு முண்டுக்குள் தலையை விட்டது. அது போனதும் இன்னொன்று. பிறகு மூன்றாவது, நாலாவது. எட்டிப் பார்த்தாள். பாசியும் வேரும் வைத்துக் கட்டிய சின்னக் கிண்ணம், உள்ளே இரண்டு குஞ்சு. பெற்றவர்கள் இரண்டு பேர்தான். சித்தப்பனும் அத்தையும் சேர்ந்து ஊட்டுகிற குடும்பம். எங்கள் கூட்டுறவில்கூட இவ்வளவு ஒற்றுமை கிடையாது என்று அவளுக்குச் சிரிப்பு வந்தது.

இறங்கிக் கீழே நின்று பார்த்தாள். கூடு தெரியவில்லை. சுற்றிச் சுற்றி வந்தாள். இலை, பாசி, மரத்தில் ஒட்டி வளரும் அன்னாசிக் குடும்பத்துச் செடிகள், இவைதான் தெரிந்தன. லிசென்சியாதா மரம் ஏறுகிறவள் இல்லை. கழுத்தில் தொலைநோக்கியைத் தொங்கவிட்டுக்கொண்டு கீழே நிற்கிறவள். அவளுக்கு எப்படித் தெரியும்?

தொரிபியாவுக்கு அது ஒரு கேள்வியாகவே படவில்லை. பார்க்க வழி வேண்டும், வழி திறப்பதுதானே அவள் தொழில்? நிலாவும் முற்றிய நிலா. இளம் நிலாவில் வெட்டினால்தான் காயம் ஆறாது, பூச்சி ஏறும். எல்லாம் கூடி வந்திருந்தது. லிசென்சியாதா நிற்க வேண்டிய இடத்தில் ஒரு கல்லைப் போட்டு அடையாளம் வைத்தாள். மேலே போனாள். மூன்று கிளை. மூன்றையும் கயிறு கட்டி, கூடு அசையாமல், மெதுவாக இறக்கினாள். கல்லில் வந்து நின்று பார்த்தால் கூடு கண்ணாடிப் பெட்டியில் வைத்ததுபோலத் தெரிந்தது. அவள் வாழ்நாளில் திறந்த ஜன்னல்களிலேயே அழகானது அதுதான்.

சாயங்காலம் அடுப்படியில் லாவோவிடம் சொல்லிச் சொல்லி மாளவில்லை அவளுக்கு. லாவோ சோள ரொட்டியைத் திருப்பிப் போட்டுக்கொண்டே கேட்டான்.

"அதுக்கு நெழல் வேணாமா, தொரி?"

"அம்பத்தெட்டுக் குடும்பத்துக் காப்பிக்கு எவ்வளவு நெழல்னு அளந்து வைக்கிறவ நான். மரத்தப் பத்தி நீ எனக்குச் சொல்றியா? நீ?"

லாவோ ரொட்டி கருகாமல் பார்த்துக்கொண்டான்.

புதன் காலை அவனையே கூட்டிக்கொண்டு போனாள், கீழே நிற்கவாவது வரட்டும் என்று. கல்லில் நிறுத்தி, "பாரு" என்றாள். லாவோ பார்த்தான். ஒரு பச்சை டூக்கான், கூட்டில் குஞ்சு தேடித் தின்னும் பறவை, எங்கள் காட்டிலுள்ள சின்ன வகை, அந்தக் கிளையில் உட்கார்ந்து நீண்ட மூக்கைப் பாசிக்குள் விட்டுக் குடைந்துகொண்டிருந்தது. தொரிபியா போட்ட சத்தத்தில் அது பறந்தது. அவள் ஏறிய வேகத்தை அதற்கு முன்னும் பின்னும் லாவோ பார்த்ததில்லை. பாவாடையை மடிக்கக்கூட இல்லை, தரையில் விட்டுவிட்டுப் போனாள். மேலே கிண்ணம் கிழிந்து தொங்கியது. உள்ளே ஒன்றும் இல்லை.

அவளுக்கு உடனே புரிந்தது. காட்டில் டூக்கான் எப்போதும்தான் இருந்தது. நேற்றுவரை அதற்கு வழி தெரியவில்லை. வழியை வெட்டிக் கொடுத்தது அவள் கத்தி. கிழிந்த கூட்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு கவட்டையில் உட்கார்ந்து அழுதாள். கீழே லாவோ நின்றுகொண்டே இருந்தான். ஏற முடியாத தன்மேல் அவனுக்கு அன்றைக்கு வந்த கோபம் அதற்கு முன் வந்ததில்லை.

"யாருக்கும் தெரியாது, தொரி. நான் சொல்ல மாட்டேன்" என்றான், அவள் இறங்கியதும்.

"எனக்குத் தெரியுமே" என்றாள். வியாழனும் வெள்ளியும் அந்த மரத்துப் பக்கம் அவள் போகவில்லை. மூன்றாவது கவட்டை அந்த இரண்டு நாளும் காலியாகக் கிடந்தது.

சனிக்கிழமை விடியும்போதே நினெட் வந்துவிட்டாள். அவள்தான் லிசென்சியாதா, பட்டம் வாங்கிய பெண்களை எங்கள் பக்கத்தில் அப்படித்தான் கூப்பிடுவோம். தலைநகரத்துக்காரி. பதினோரு வருஷமாக இந்த எரிமலைகளில் குருவி எண்ணுகிறவள். அவள் பின்னால் எவரிஸ்தோ, எவரிஸ்தோ பின்னால் பாதி ஊர். கல் கிடந்த இடத்தில் நினெட் நின்றாள். ஆறு மணி, ஏழு மணி. அத்தி வெறுமையாக நின்றது. காத்திருந்த நேரத்தில் எவரிஸ்தோ அவளிடம் வாயைக் கொடுத்தார்.

"எங்க வீட்டு நீலமும் இந்த நீலமும் ஒரே குடும்பந்தானே, லிசென்சியாதா?"

"பெரிய குடும்பம் ஒண்ணுதான், தோன் எவரிஸ்தோ. டானேஜர்னு சொல்லுவோம், முந்நூத்துச் சொச்சம் வகை இருக்கு. அதுக்குள்ள இந்த மலைக்காரன ரொம்ப காலமா ஒரு வீட்டுல வச்சிருந்தோம். அப்புறம் ரத்தத்தச் சோதிச்சுப் பாத்தா, அந்த வீட்டுக்காரனே இல்ல. தனியா எடுத்து வச்சாச்சு. கூட ஒரே ஒரு பங்காளி, அவன் பனாமாவுக்கு அந்தப் பக்கம் இருக்கான்."

"பங்காளி அவ்வளவு தூரத்துல இருக்கறது நல்லதுதான்" என்றார் எவரிஸ்தோ. அவருக்கும் அண்ணனுக்கும் வேலித் தகராறு. எல்லோரும் சிரித்தோம்.

"ஆபத்துல இருக்குற குருவின்னு பட்டியல்ல எழுதி வச்சிருக்காங்களாமே?" என்று யாரோ கேட்டார்கள்.

"பட்டியல்ல அதோட எடம் ஏறும், எறங்கும். ஆயிரம் மீட்டருக்கு மேல, ஆயிரத்து எழுநூறுக்குக் கீழ, கடலப் பாத்த சரிவுல மட்டும் இருக்குற குருவி. அந்தக் காடு மட்டும் எறங்கிக்கிட்டேதான் இருக்கு."

எட்டு மணி. ஒன்பது. அத்தியின் ஜன்னல் வழியாக வெயில் வந்து கீழே இரண்டு மூன்று செடிகளின் தலையில் விழுந்தது. எவரிஸ்தோ தொண்டையைக் கனைத்துக்கொண்டார். அவர் முகத்தில் ஜெயித்த சந்தோஷம் இல்லை என்பதையும் சொல்ல வேண்டும்.

"அக்கா, என்ன செய்யலாம்?"

தொரிபியா முன்னால் வந்தாள். கையில் காப்பி பறிக்கும் கூடை. அதற்குள் கிழிந்த கூடு இருந்தது.

"செவ்வாக்கெழம வரைக்கும் இருந்துச்சு. ரெண்டு குஞ்சு, ஊட்ட நாலு பேரு. லிசென்சியாதாவுக்குத் தெரியணும்னு மூணு கெளய வெட்டுனேன். டூக்கானுக்குத் தெரிஞ்சு போச்சு. தப்பு என்னோடது. காப்பிக்குத் தொறக்குற மாதிரி குருவிக்குத் தொறந்துட்டேன்."

தப்பு என்ற சொல் அந்த வாயிலிருந்து வந்து நாங்கள் கேட்டதில்லை. நினெட் கூட்டைக் கையில் வாங்கி நெடுநேரம் பார்த்தாள். ஒரு சின்ன இறகை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தாள்.

"நீங்க சொல்றத நான் நம்பறேன், தோன்யா தொரிபியா. ஆனா பாத்தேன்னு எழுத முடியாது. நான் பாக்கல."

"எழுத வேணாம். பாக்காதத எழுதற ஆளா இருந்தா உன்ன எதுக்கு வரச்சொல்றோம்?" என்றாள் தொரிபியா. பிறகு எவரிஸ்தோ பக்கம் திரும்பினாள். "சொன்னது சொன்னதுதான். கயிறக் குடுங்க."

"நாளைக்குச் செய்யலாமேக்கா" என்றார் எவரிஸ்தோ.

"நெலா தேயுது. இன்னைக்கே."

பாவாடையை அவிழ்த்து மடித்துச் செடியின்மேல் போட்டாள். கத்தியைச் செருகினாள். நாங்கள் இருபதடி தள்ளிப் போய் நின்றோம். மூன்றாவது கவட்டையைத் தாண்டினாள், நாலாவது, ஐந்தாவது. அதற்குமேல் இலைக்குள் மறைந்துவிட்டாள். முதல் வெட்டுச் சத்தத்துக்காகக் காது கொடுத்துக்கொண்டிருந்தோம். சத்தம் வரவில்லை. கத்தி மட்டும் வந்தது. எறிந்துவிட்டிருந்தாள், மண்ணில் குத்தி நின்றது.

"வெட்ட மாட்டேன்! இங்க இருக்குங்க! நாலும் இருக்கு!"

பழைய முண்டில் மிஞ்சிக் கிடந்த பாசியைத் தூக்கிக்கொண்டு, மூன்று கவட்டை மேலே, செடிகள் அடர்ந்த வேறொரு முண்டில் அவை புதிதாகக் கட்டத் தொடங்கியிருந்தன. அவள் வராமல் இருந்த இரண்டு நாளில் நடந்த வேலை.

"நல்ல நேரம் பாத்து வந்துச்சு போல" என்று கூட்டத்தில் ஒருவன் முணுமுணுத்தான். நினெட் கல்லில் நின்று தொலைநோக்கியைத் திருகினாள். இலைதான் தெரிந்தது.

"எனக்குத் தெரியலயே" என்று மேலே பார்த்துக் கத்தினாள்.

"தெரியாது! இன்னொரு கெள வெட்ட மாட்டேன், அதையும் சொல்லிட்டேன்! பாக்கணும்னா மேல வா!"

நினெட் தொலைநோக்கியைக் கழற்றி எவரிஸ்தோ கையில் கொடுத்தாள். "கயிறப் போடுங்க" என்றாள்.

காப்பிச் சாக்கை மடித்து உட்காரக் கட்டினோம். கற்றாழைக் கயிறு கவட்டையைச் சுற்றி இறங்கி வந்தது. முன் பிடியை லாவோ பிடித்தான், அவன் பின்னால் எவரிஸ்தோ, அவர் பின்னால் நாங்கள். மேலேயிருந்து ஏவல் வந்துகொண்டிருந்தது: "மெதுவா... நிறுத்து... லாவோ, கண்ணத் தொறந்து புடி!" நினெட் போய்ச் சேர்ந்ததும் மேலே பேச்சே இல்லை. கயிற்றைப் பிடித்த கைகள் எரிந்தன, யாரும் விடவில்லை.

பிறகு நினெட்டின் குரல் வந்தது. அழுகிற குரல்.

"பதினோரு வருஷமா எண்ணிக்கிட்டிருக்கேன். முதுகு இவ்வளவு நீலம்னு எனக்குத் தெரியாது."

"நான்தான் சொன்னேனே" என்றாள் தொரிபியா. அந்தக் குரல் பழைய குரல்.

நினெட் கவட்டையிலேயே உட்கார்ந்து எழுதினாள். எவரிஸ்தோ கீழே வந்த நோட்டைப் படித்தார், இரண்டு தரம். பிறகு குனிந்து மண்ணில் குத்தி நின்ற கத்தியைப் பிடுங்கி, கால்சட்டையில் துடைத்து, பாவாடை பக்கத்தில் வைத்தார். புது ரகத்தைக் கீழ்ச்சரிவில் நட்டோம்.

இப்போதும் நிழல் வெட்டுவது தொரிபியாதான். ஜன்னல் ஒன்றும் தப்புவதில்லை; இருபத்துநாலு வருஷக் கணக்கைச் சொல்லும்போது மட்டும் "காப்பிக்கு" என்று ஒரு வார்த்தை சேர்த்துக்கொள்கிறாள். ஏப்ரலில் கத்தியில்லாமல்தான் அத்தியில் ஏறுகிறாள். நீலியைப் பார்க்க ஆட்கள் வந்தால் கல்லில் நிற்க விடுவதில்லை. "கீழேந்து வயிறுதான் தெரியும். மேல வா, இல்லன்னா வீட்டுக்குப் போ" என்பாள். பாதிப் பேர் வீட்டுக்குத்தான் போவார்கள்.

அடுத்த வருஷம் ஏப்ரலில் ஒரு மத்தியானம் சாப்பாட்டுப் பொட்டலத்தை லாவோ கொண்டுவந்தான். கட்டிவிட்டால் மேலே இழுத்துக்கொள்வாள், வழக்கம் அதுதான். கயிறு இறங்கி வந்தது. அவன் பொட்டலத்தைக் கட்டவில்லை.

"என்னய்யா, தூங்கிட்டியா?"

"உக்காந்து ஏற்ற சாக்கு எங்க இருக்கு, தொரி?"

மேலே கிளை அசைந்தது. பிறகு, "வேரடியில" என்றாள். குரல் சின்னதாக இருந்தது. "கண்ண மூடிக்க. நான் சொல்லும்போது தொற."

அன்றைக்கு அந்த வழியாகப் போன நான் வழக்கம்போல இருபதடி தள்ளி நடந்தேன். காப்பிச் செடியின்மேல் பாவாடை கிடந்தது. பக்கத்துச் செடியின்மேல் லாவோவின் தொப்பி இருந்தது.